உடம்புக்குள் ஒரு வி.ஐ.பி.: நரம்பை வளர்க்கும், சண்டையைத் தணிக்கும்

வாசோஆக்டிவ் இன்டஸ்டினல் பெப்டைடு. வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் சுருக்கினால் வி.ஐ.பி. என்று வந்து நிற்கும், அதனால் இனி அப்படியே கூப்பிடுவோம். ரத்தக் குழாய்களை விரிய வைக்கிற, குடலில் கிடைத்த ஒரு பெப்டைடு என்பதுதான் பெயருக்கு அர்த்தம். குடல் பக்கம் ஏதோ குழாய் வேலை பார்க்கிற ஆள் என்று நினைத்துக் கடந்து போய்விடலாம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்புறம் கருவின் மூளை வளர்ச்சி பற்றிப் படிக்கும்போது இதே பெயர் வந்தது, மூட்டு அழற்சி பற்றிப் படிக்கும்போது மறுபடியும் வந்தது, உடம்பின் கடிகாரம் பற்றிப் படித்தால் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. ஒரே மூலக்கூறு எப்படி இத்தனை இடத்தில் இத்தனை வேலை பார்க்கிறது என்ற குழப்பம்தான் இதை எழுத வைத்தது. நரம்பு வளர்ச்சி, நோய் எதிர்ப்பு ஆகிய இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அடிப்படை. அமினோ அமிலங்களை மணிமணியாகக் கோத்தால் மாலை நீளமாக இருந்தால் புரதம், குட்டையாக இருந்தால் பெப்டைடு. இன்சுலினில் 51 மணிகள், நம் வி.ஐ.பி.யில் வெறும் 28. இப்படி ஒரு பெப்டைடை நரம்புச் செல் தயாரித்து, செய்தியாக வெளியே விட்டால் அதற்கு நியூரோபெப்டைடு என்று பெயர். இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட நியூரோபெப்டைடுகள் தெரிந்திருக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் நரம்புச் செல்கள் எப்படிப் பேசிக்கொள்ளும் என்று படித்திருப்பீர்கள்: ஒரு செல்லின் நுனியிலிருந்து சின்ன மூலக்கூறு ஒன்று துள்ளிக் குதித்து, மயிரிழையை விடப் பல மடங்கு குறுகிய இடைவெளியைத் தாண்டி, அடுத்த செல்லைத் தொடும். எல்லாம் மில்லி விநாடிக் கணக்கில் முடிந்துவிடும், மிச்சத்தை அனுப்பிய செல்லோ பக்கத்துச் செல்லோ உறிஞ்சி மறுபடியும் பயன்படுத்திக்கொள்ளும். இது காதோடு காதாக ரகசியம் சொல்வது மாதிரி. நியூரோபெப்டைடு அந்த வகை இல்லை, இது தண்டோரா. செல்லின் நடுப்பகுதியில் முதலில் ஒரு நீள மாலையாகத் தயாராகும் (வி.ஐ.பி.க்கு அது 170 மணி), என்சைம்கள் அதை வெட்டி வேண்டிய துண்டை எடுக்கும், அது பைகளில் அடைபட்டு நரம்பிழை வழியாக நுனிவரை பயணம் செய்யும், அங்கே போய்ச் சேர்ந்தாலும் உடனே வெளியே வராது, நரம்பு கொஞ்சம் ஓயாமல் துடித்தால்தான் பை உடையும். வெளியே வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் கிடையாது. அப்படியே அக்கம்பக்கம் பரவிக்கொண்டே போகும், என்சைம்கள் வெட்டிப் போடும் வரை. ரத்தத்தில் கலந்த வி.ஐ.பி.யில் பாதி ஓரிரு நிமிடத்துக்குள் காணாமல் போய்விடும். இந்த ஓரிரு நிமிடக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மருந்து பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

தண்டோராவுக்கு ஒரு குணம் உண்டு. காது உள்ளவர்கள் எல்லோருக்கும் கேட்கும். செல்லுக்குக் காது என்றால் ஏற்பி, அதாவது செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஒரு புரதம். வி.ஐ.பி.க்கு முக்கியமாக இரண்டு ஏற்பிகள், வி.பி.ஏ.சி.1, வி.பி.ஏ.சி.2. இரண்டும் நரம்புச் செல்லில் இருக்கின்றன, குடல் செல்லில் இருக்கின்றன, நுரையீரலில் இருக்கின்றன, எதிர்ப்புச் செல்களிலும் இருக்கின்றன. வி.ஐ.பி. வந்து ஏற்பியில் உட்கார்ந்தால் செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற குட்டி மூலக்கூறின் அளவு ஏறும். பெரும்பாலும் நடப்பது இவ்வளவுதான். ஏறிய சைக்ளிக் ஏ.எம்.பி.யை வைத்து என்ன செய்வது என்பது அந்தந்தச் செல்லின் பாடு.

இது புரிய ஒரு நோயைப் பார்த்தால் போதும். 1958இல் வெர்னர், மாரிசன் என்ற இரண்டு மருத்துவர்கள் கணையத்தில் கட்டி இருந்த சில நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். காலரா கிருமி எதுவும் இல்லை, ஆனால் காலரா மாதிரியே தண்ணீராகப் பேதி. இப்படிப்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டருக்கும் மேல் போகும், கூடவே பொட்டாசியமும் வடிந்து ஆள் துவண்டுவிடுவார். பிற்பாடுதான் தெரிந்தது, அந்தக் கட்டி அளவில்லாமல் வி.ஐ.பி.யைக் கொட்டிக்கொண்டிருந்தது என்று. குடல் சுவர்ச் செல்லில் சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறினால் குளோரைடு வெளியேறும், அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். காலரா நஞ்சும் இதே சைக்ளிக் ஏ.எம்.பி.யைத்தான் ஏற்றிவிடுகிறது, வழி மட்டும் வேறு. இதே ஏற்றம் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைச் செல்லில் நடந்தால் தசை தளர்ந்து மூச்சு எளிதாகும். ஆக, செய்தி ஒன்றுதான், கேட்கிற செல்லைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை முழுவதும் சுலபம்.

கண்டுபிடித்த கதையிலும் இந்தத் திருப்பம் இருக்கிறது. எகிப்தில் பிறந்த சாமி சையத் ஒரு நுரையீரல் மருத்துவர். நுரையீரலைப் பிழிந்தெடுத்த சாற்றில் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற ஏதோ ஒன்று இருப்பதைக் கவனித்தார். அதைத் தேடி ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் இருந்த விக்டர் முட்டிடம் போனார். முட்டிடம் பன்றிக் குடலிலிருந்து எடுத்த சாறு ஏராளமாக இருந்தது, ஹார்மோன் பிரித்தெடுப்பதில் அவர் கைதேர்ந்தவர். இருவருமாகக் குடல் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து 1970இல் அறிவித்தார்கள். தேடியது நுரையீரலில், கிடைத்தது குடலில், அதனால் பெயரிலும் குடல் ஏறிக்கொண்டது. 1976இல் சையத் மூளைத் திசுவிலும் நரம்புச் செல்களிலும் இது நிறைய இருப்பதைக் காட்டினார். அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது, யார் மாற்றுவது.

சரி, நரம்பு வளர்ச்சிக்கு வருவோம். 1986இல் வெளிவந்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சுண்டெலிக் கருவின் தண்டுவடத்திலிருந்து செல்களை எடுத்துத் தட்டில் வளர்க்கிறார்கள். அதில் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சை விடுகிறார்கள், பேத்தை மீனில் இருக்கிற அதே நஞ்சு. இது நரம்பின் மின்துடிப்பை நிறுத்திவிடும். துடிப்பு நின்றால் இளம் நரம்புச் செல்களில் ஒரு பகுதி செத்துப்போகும், ஏனென்றால் வளரும் பருவத்தில் பேச்சுத் துணை இல்லாத நரம்புச் செல்லை உடம்பு வைத்துக்கொள்வதில்லை. இந்த இடத்தில் தட்டில் கொஞ்சம் வி.ஐ.பி.யைச் சேர்த்தால்? துடிப்பு இன்னும் நின்றேதான் இருக்கிறது, ஆனாலும் சாகவேண்டிய செல்கள் பிழைத்துக்கொள்கின்றன.

சுவாரசியம் அதற்கு அடுத்தது. வி.ஐ.பி. நேராக நரம்புச் செல்லைக் காப்பாற்றவில்லை. நரம்புச் செல்களுக்கு நடுவே ஆஸ்ட்ரோசைட் என்ற நட்சத்திர வடிவத் துணைச் செல்கள் உண்டு, ஊட்டம் கொடுப்பது, குப்பை அள்ளுவது எல்லாம் அவை. வி.ஐ.பி. அவற்றின் ஏற்பியைத் தட்டுகிறது, அவை நரம்பைக் காக்கும் புரதங்களைச் சுரக்கின்றன, நரம்புச் செல் பிழைக்கிறது. பிள்ளையிடம் நேராகப் பேசாமல் வளர்க்கிறவர்களிடம் போய்ப் பேசுகிற ஆள் இது. நரம்பை வளர்க்கும் காரணி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது என்.ஜி.எஃப். என்ற புரதம், ரீட்டா லெவி மொண்டால்சினி கண்டுபிடித்து 1986இல் ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து நோபல் வாங்கியது அதற்குத்தான். என்.ஜி.எஃப். நரம்புச் செல்லுக்கு நேரடி ஊட்டம். வி.ஐ.பி. பெரும்பாலும் ஊட்டம் போடுபவர்களை எழுப்பிவிடுகிற வேலை. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், ஆபத்து நேரத்தில் உடம்பை உசுப்பிவிடும் பரிவு நரம்பு மண்டலத்தின் முன்னோடிச் செல்களை மட்டும் தனியாக வளர்த்து 1990இல் சோதித்தபோது, வி.ஐ.பி. அவற்றைப் பிரிந்து பெருகவும், முதிரவும், உயிரோடு இருக்கவும் வைத்தது. அங்கே இடைத்தரகர் தேவைப்படவில்லை.

இந்த ஆஸ்ட்ரோசைட் வழியைத் தொடர்ந்து போனவர்களுக்கு ஏ.டி.என்.பி. என்ற புரதம் கிடைத்தது. இது மூளை உருவாக எவ்வளவு முக்கியம் என்பது பிற்பாடு மனிதர்களிலேயே தெரிந்தது. இந்தப் புரதத்துக்கான மரபணுவில் பழுது இருந்தால் குழந்தைக்கு அறிவு வளர்ச்சியில் குறைபாடும் ஆட்டிசக் கூறுகளும் வரும் என்று 2014இல் கண்டறிந்தார்கள். வி.ஐ.பி.யைத் தேடப் போன இடத்தில் ஒரு மரபணு நோயின் விளக்கமே கிடைத்தது.

தட்டில் நடப்பது வேறு, முழுக் கருவில் நடப்பது வேறு என்று நீங்கள் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். 1993இல் சுண்டெலியின் இளம் கருவை முழுசாக வெளியே எடுத்து, வளர்ப்பு ஊடகத்தில் வைத்து வி.ஐ.பி. கொடுத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்திலேயே கரு பெருத்தது, செல் பிரிதல் கூடியது. அடுத்த வருடம் தலைகீழாகச் செய்தார்கள்: கர்ப்பமான சுண்டெலிக்கு வி.ஐ.பி.யின் வேலையைத் தடுக்கிற பொருளைக் கொடுத்தார்கள், குட்டிகள் சிறுத்த தலையோடு பிறந்தன. இதில் ஒரு புதிர் இருந்தது. அந்தப் பருவத்தில் கருவே வி.ஐ.பி. தயாரிப்பதில்லை. அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது? தாயின் ரத்தத்தில் கர்ப்பத்தின் நடுப்பகுதியில் வி.ஐ.பி. பல மடங்கு எகிறுகிறது, அதனால் தாயிடமிருந்து என்பது சரி. தாயின் உடம்பில் எந்தச் செல்லிலிருந்து என்ற கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வைக்கிறேன்.

வளர்ந்த உடம்பிலும் இந்தப் பழைய பழக்கம் போவதில்லை. தோலிலிருந்து தண்டுவடத்துக்கு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புச் செல்களில் சாதாரணமாக வி.ஐ.பி. கொஞ்சம்தான் இருக்கும். அந்த நரம்பு வெட்டுப்பட்டால் அது சட்டென்று கூடும், அதே சமயம் வலிச் செய்தியோடு தொடர்புடைய சப்ஸ்டன்ஸ் பி என்ற இன்னொரு நியூரோபெப்டைடு குறையும். வழக்கமான செய்தி வேலையை நிறுத்திவிட்டுச் செல் பழுது பார்க்கும் வேலைக்கு மாறுகிறது என்பதாக இதைப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

இனி எதிர்ப்புச் சக்தி. நரம்பு ஒரு துறை, எதிர்ப்பு இன்னொரு துறை என்று பாடப் புத்தகத்தில் தனித்தனி அதிகாரமாக இருக்கும், உடம்பு அந்தப் பிரிவினையைப் பார்ப்பதே இல்லை. எதிர்ப்புச் செல்கள் தங்கும் நிணநீர் முடிச்சுகள், மண்ணீரல், தைமஸ் எல்லாவற்றுக்குள்ளும் வி.ஐ.பி. நிரம்பிய நரம்பு நுனிகள் போய்ச் சேர்கின்றன. போதாததற்கு டி செல் என்ற எதிர்ப்புச் செல்லே தானாக வி.ஐ.பி. தயாரிக்கும். அதன் காதும் நேரத்துக்கு ஏற்ப மாறும்: சும்மா இருக்கும் டி செல்லில் வி.பி.ஏ.சி.1 இருக்கும், எதிரியைப் பார்த்து உசுப்பேறிய பிறகு வி.பி.ஏ.சி.2 முளைக்கும்.

மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கிச் செல்லை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள ஒரு பொருளை அதன் முன்னே காட்டினால் போதும், கிருமி வந்துவிட்டது என்று டி.என்.எஃப்., இன்டர்லூகின் 6, இன்டர்லூகின் 12 என்று வரிசையாக அபாயச் சங்கு ஊதும். இவைதான் அழற்சியைக் கிளப்புகிற செய்திகள்: சிவப்பு, சூடு, வீக்கம், வலி. கிருமி இருக்கும்வரை இது வேண்டும், கிருமி போன பின்னும் ஊதிக்கொண்டே இருந்தால் சொந்த உடம்பு நாசம். அந்தத் தட்டில் வி.ஐ.பி. சேர்த்தால் மூன்றும் குறைகின்றன, சமாதானம் பேசும் இன்டர்லூகின் 10 கூடுகிறது. செல்லுக்குள் வழக்கம்போல் சைக்ளிக் ஏ.எம்.பி.தான் ஏறியது. இந்தச் செல்லில் அது என்.எஃப். கப்பா பி என்ற அழற்சி விசையை அழுத்திப் பிடித்துவிடுகிறது.

சுண்டெலிகளில் இதைச் சோதித்தவர்களுக்கு நல்ல பலன் கிடைத்தது. தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை எல்லை மீறி உடம்பையே சாய்த்துவிடுவது செப்சிஸ். அதன் மாதிரி நிலையை உண்டாக்கிய சுண்டெலிகளில் வி.ஐ.பி. கொடுத்தவை அதிகம் பிழைத்தன. 2001இல் மூட்டு அழற்சி மாதிரியிலும் வீக்கமும் எலும்பு அரிப்பும் குறைந்தன. மற்ற எதிர்ப்புச் செல்களை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களை வி.ஐ.பி. பெருக்குகிறது என்பதும் இந்த வகை ஆய்வுகளில் வெளிவந்தது. எல்லா நியூரோபெப்டைடும் இப்படிச் சாந்த சொரூபி என்று எண்ண வேண்டாம். கொஞ்சம் முன்னால் வந்த சப்ஸ்டன்ஸ் பி, 11 மணிகள்தான், 1931இலேயே கண்டுபிடிக்கப்பட்டது, அது நேர் எதிர், அழற்சியை ஊதிப் பெரிதாக்கும்.

அப்படியென்றால் வி.ஐ.பி. என்றால் அமைதிப்படை என்று எழுதி முடித்துவிடலாமா? முடியாது. தன் உடம்பின் எதிர்ப்புச் செல்களே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தின்னும் நோய்க்கு ஒரு சுண்டெலி மாதிரி உண்டு. வெளியிலிருந்து வி.ஐ.பி. கொடுத்தால் நோய் தணிகிறது. சரி, அப்படியானால் வி.ஐ.பி. மரபணுவே இல்லாத சுண்டெலிக்கு நோய் முற்ற வேண்டுமே? 2010இல் பார்த்தபோது அவற்றை நோய் அண்டவே தயங்கியது. டி செல்கள் மூளைத் திசுவுக்குள் நுழைவதே அவற்றில் குறைவாக இருந்தது. அதாவது உள்ளுக்குள் இயல்பாக இருக்கும் வி.ஐ.பி. அந்தச் செல்கள் நடமாடவும் உதவியிருக்கிறது.

இதைவிட வேடிக்கை 2020இல். சாப்பிட்டவுடன் குடல் நரம்புகள் வி.ஐ.பி.யை விடுகின்றன. குடல் சுவரில் ஐ.எல்.சி.3 என்ற காவல் செல்கள் இருக்கின்றன, அவை இன்டர்லூகின் 22ஐச் சுரந்து சுவரைப் பலப்படுத்தும். நியூயார்க்கில் ஒரு குழு, வி.ஐ.பி. வந்தால் இந்தச் சுரப்பு குறைகிறது என்று கண்டது: காவல் கொஞ்சம் தளர்கிறது, அந்த நேரத்தில் கொழுப்பு நன்றாக உறிஞ்சப்படுகிறது. மெல்பர்னில் இன்னொரு குழு அதே வருடம், அதே செல்லில், அதே வி.பி.ஏ.சி.2 ஏற்பி வழியாகச் சுரப்பு கூடுகிறது என்று கண்டது: சாப்பாட்டோடு கிருமியும் வரலாம், முன்கூட்டியே உஷாராகிறது. இரண்டுமே பெயர் பெற்ற ஆய்விதழ்களில் வந்தவை, இரண்டு விளக்கமும் கேட்க நியாயமாகவே இருக்கிறது. புதிதாகப் படிப்பவர்கள் இதைப் பார்த்து மிரள வேண்டாம். குடலில் என்ன கிருமிகள் குடியிருக்கின்றன, எந்த நேரத்தில் அளந்தார்கள், செல் ஏற்கெனவே எந்த மனநிலையில் இருந்தது என்பதெல்லாம் மாறினால் ஒரே தண்டோராவுக்கு வேறு பதில் வரும்.

மருந்து விஷயத்துக்கு இப்போது வரலாம், ஏனென்றால் இவ்வளவு படித்தவர்களுக்கு அந்தக் கேள்விதான் வரும். ஊசியில் ஏற்றினால் ஓரிரு நிமிடத்தில் பாதி காலி. அளவைக் கூட்டினால் காது உள்ள எல்லாச் செல்லும் கேட்கும்: ரத்தக் குழாய் விரிந்து அழுத்தம் இறங்கும், முகம் சிவக்கும், குடல் தண்ணீரைக் கொட்டும். மூட்டுக்கு மட்டும் போய்ச் சேர் என்று அதனிடம் சொல்ல வழியில்லை. செயற்கையாகத் தயாரித்த வி.ஐ.பி.க்கு அவிப்டாடில் என்று பெயர். கோவிட் காலத்தில் நுரையீரல் மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதைக் கொடுத்துச் சோதித்தார்கள், நுரையீரலைக் காக்கும், அழற்சியைத் தணிக்கும் என்று நம்பிக்கை பலமாக இருந்தது. 2023இல் வெளியான பெரிய சோதனை முடிவில் பலன் எதுவும் தெரியவில்லை. ஏ.டி.என்.பி. புரதத்தின் 8 மணித் துண்டை டாவுனெடைடு என்ற மருந்தாக்கி ஒரு மூளைத் தேய்வு நோயில் கொடுத்துப் பார்த்ததும் 2014இல் அப்படியே முடிந்தது. எலிக்குப் பலித்ததெல்லாம் நமக்குப் பலிக்கும் என்றால் இந்நேரம் பாதி நோய்கள் ஒழிந்திருக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பெப்டைடு என்று பெயர் போட்டு எதிர்ப்புச் சக்தி கூட்டும் என்று யாராவது எதையாவது விற்றால், வி.ஐ.பி. பற்றி மேலே படித்ததை நினைத்துக்கொள்ளுங்கள். அது பல இடங்களில் எதிர்ப்பைக் குறைக்கிற ஆள்.

ஓரமாக வைத்த கேள்வி ஒன்று பாக்கி. இளம் கருவின் மூளை வளர வேண்டிய வி.ஐ.பி. தாயின் எந்தச் செல்லிலிருந்து வருகிறது? நரம்பிலிருந்துதான் வரும் என்று எதிர்பார்ப்போம். சுண்டெலியில் கருவைச் சுற்றியுள்ள கருப்பைப் படலத்தில் தேடியபோது, வி.ஐ.பி.யை வைத்திருந்த செல்களில் தாயின் லிம்போசைட்டுகளும் (டி செல்லெல்லாம் சேர்ந்த எதிர்ப்புச் செல் வகை) இருந்தன. வேற்று உடம்பாக நினைத்துக் கருவைத் தாக்கிவிடக் கூடாதே என்று நாம் பயப்படும் அதே எதிர்ப்புச் செல் வகை, அந்தக் கருவின் நரம்பு வளர்வதற்கான செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தது.